பென்சில் தங்கச்சி

கிர்கிஸ்தானில், ஓஷ் ஊர் விடுதி ஒன்றில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "முர்காப் போகிறோம். நான்கு பேர் இருக்கிறோம், இன்னும் ஒருவர் தேவை. பேரம் பேசத் தெரிந்தவராக இருந்தால் நல்லது." நான் திண்டுக்கல்காரி. பூ மார்க்கெட்டில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பேரம் பழகியவள். பெயரை எழுதிவிட்டு டீ போடப் போனேன்.

இது 2019 செப்டம்பர். நூற்பாலைக் கணக்குப் பிரிவில் பதினான்கு வருடம் வேலை பார்த்து, ஒரே மூச்சில் மூன்று வாரம் லீவு வாங்கியிருந்தேன். மேலாளர் "ஐரோப்பாவா?" என்று கேட்டார். தஜிகிஸ்தான் என்றேன். "அது எந்தப் பக்கம்?" என்றார். ஆப்கானிஸ்தானுக்கு மேலே என்று சொல்லியிருக்கக் கூடாது; லீவு கிட்டத்தட்டப் போயிருக்கும்.

ஓஷ், கிர்கிஸ்தானின் தெற்கில் இருக்கிற பழைய சந்தை ஊர். அங்கிருந்து எம்41 என்கிற பாமீர் நெடுஞ்சாலை மலையேறி தஜிகிஸ்தானுக்குள் நுழைந்து முர்காப், கோரோக் வழியாக தலைநகர் துஷான்பே வரை போகிறது. ஓஷுக்கும் கோரோக்குக்கும் இடையில் உள்ள பகுதி சோவியத் காலத்தில், 1930களில் போட்டது. சாலை கடக்கிற பதக்‌ஷான் மாகாணம் நாட்டின் பரப்பில் கிட்டத்தட்டப் பாதி. ஆனால் அங்கே இருக்கிற மக்கள் இரண்டு லட்சத்துச் சொச்சம்தான். அவ்வளவு குறைந்த ஜனத்துக்கு யார் பஸ் விடுவார்கள்? ஜீப்தான். ஜீப்புக்கு விலை வண்டிக்கு, ஆளுக்கு இல்லை. ஓஷில் ஒரு ஏஜென்சியில் கோரோக் வரை 900 டாலர் கேட்டார்கள். தனியாகப் போனாலும் 900, ஐந்து பேராகப் போனாலும் 900. அன்றைய ரேட்டில் அறுபத்து நாலாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. நான் தனியாளாகக் கொடுப்பதாக இருந்தால் வீட்டிலேயே உட்கார்ந்து மேப் பார்த்திருப்பேன்.

அந்த 900-இல் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வண்டி நம்மைக் கோரோக்கில் இறக்கிவிட்டுக் காலியாக ஓஷுக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் பெட்ரோலையும் நாம்தான் ஊற்றுகிறோம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது விழுப்புரம் பக்கத்து மருத்துவ மாணவர் ஒருவர். (ஓஷில் தடுக்கி விழுந்தால் நம் நாட்டு மருத்துவ மாணவர் மேல்தான் விழ வேண்டும், அத்தனை பேர் படிக்கிறார்கள்.) "அக்கா, ஏஜென்சியை விடுங்க. முர்காப் வண்டிங்க மாவு, எண்ணெய், காய்கறி வாங்க இங்க வரும். ஊருக்குத்தான் திரும்பிப் போறாங்க, சும்மா போற சீட்டு. பேசிப் பாருங்க, நான் கூட வர்றேன்" என்றார். வந்தார். பரீட்சைக்குப் படிக்கிறதை விட்டுவிட்டு வந்தார். அவர் வீட்டில் இதைப் படித்தால் என்னை மன்னிக்கவும்.

வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு பழைய பஜேரோ. வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட ஐம்பத்தைந்து வயதுக்காரர் கூரைமேல் மாவு மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். முர்காப்காரர். தஜிகிஸ்தானில் இருந்தாலும் முர்காப்பில் பெரும்பாலும் கிர்கிஸ் மக்கள்தான். 300 டாலர் என்றார். மேலே மூட்டைக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள், கீழே எங்களுக்கு விலை கொடுங்கள் என்று மாணவர் மூலமாகச் சொன்னேன். சிரித்தார். 200-க்கு முடிந்தது. தலைக்கு 40.

அப்புறம் நான் நோட்டை எடுத்தேன்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா எங்கள் தெருவில் இருபது வருடம் ஏலச்சீட்டு நடத்தினார். நோட்டு எழுதுவது என் வேலை. யார் எவ்வளவு தள்ளி ஏலம் எடுத்தார்கள், அந்தத் தள்ளுபடியில் ஆளுக்குக் கசர் எவ்வளவு, யார் தவணை பாக்கி, எல்லாம் பென்சிலில். பேனாவில் எழுதினால் மனசு மாறுகிறவர்களுக்கு இடமிருக்காது என்பார் அம்மா. எதையும் முதலில் வாயால் பேசி, பிறகு எழுதி, பிறகு உரக்கப் படித்துக் காட்டுவார். பணம் அதற்கப்புறம்தான் கை மாறும்.

அதே மாதிரி ஓஷில் அந்த வண்டியின் முன்பக்க மூடிமேல் நோட்டை வைத்து எழுதினேன். பெட்ரோல் யாருடையது, டிரைவருக்குச் சாப்பாடு யாருடையது, பஞ்சரானால் யார் செலவு, உபரி டயர் இருக்கிறதா (இருந்தது, வழுக்கையாக), போட்டோ எடுக்க நிறுத்தச் சொன்னால் முகம் சுளிக்கக் கூடாது. எங்களோடு வந்த போலந்துப் பையனுக்கு ரஷ்ய மொழி கொஞ்சம் தெரியும், அவன் மொழிபெயர்த்தான். டிரைவர் என்னைப் பார்த்து "கரின்தாஷ்" என்று கூப்பிட்டார். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். கிர்கிஸில் ஆண் ஒருவர் தங்கையைக் கரின்தாஷ் என்பாராம். ரஷ்யனில் கரன்தாஷ் என்றால் பென்சில். என் கையில் பென்சில். அதோடு என் பெயர் போய்விட்டது, கோரோக் வரை பென்சில்தான். நான் அவரை "பைக்கே" என்று கூப்பிட்டேன், அண்ணன் என்று அர்த்தம்.

நாங்கள் ஐந்து பேர்: போலந்துப் பையன், ஒரு நாளைக்கு 15 டாலர் என்று கறாராக எட்டு மாதமாகச் சுற்றுகிறவன். ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஜப்பான் பெரியவர், வயது 67. ஒரு பிரெஞ்சு ஜோடி. நான். ஐந்து பேருக்கு நடுவில் இரண்டு கண்டங்கள், பொது மொழி என்று அரைகுறை ஆங்கிலம். வண்டியின் கடைசி சீட் சின்னப்பிள்ளைகளுக்கானது, முழங்கால் மோவாயில் முட்டும். அதனால் சீட்டுக்கும் முறை போட்டேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மாற்றம். ஜப்பான் பெரியவருக்கு விலக்கு தரலாம் என்று நினைத்தேன். அவர் தன் பெயரை அவரே அட்டவணையில் எழுதிக்கொண்டார்.

முதல் நாள். காலை ஏழுக்குக் கிளம்பி, தல்திக் கணவாய் 3,615 மீட்டர், அப்புறம் சாரி-தாஷில் மதியச் சாப்பாடு. பச்சைப் புல்வெளிக்குப் பின்னால் சுவர் மாதிரி வெள்ளை மலைகள். கிர்கிஸ் எல்லைச் சாவடிக்கும் தஜிக் சாவடிக்கும் நடுவில் சுமார் இருபது கிலோமீட்டர் யாருக்கும் சொந்தமில்லாத மண்சாலை, அதில்தான் கிசில்-ஆர்ட் கணவாய், 4,280 மீட்டர். கணவாயில் வளைகொம்பு ஆட்டுக்கு ஒரு சிலை. தஜிக் சாவடியில் விசாவோடு பதக்‌ஷான் அனுமதியையும் பார்த்தார்கள். அப்போது ஆன்லைனில் விசாவுக்கு 50 டாலர், அனுமதிக்கு 20. இந்தச் செலவைப் பங்கு போட முடியாது, அவரவர் தலையெழுத்து.

மாலையில் கராகுல். ஏரி 3,900 மீட்டருக்கு மேலே. எப்போதோ விண்கல் விழுந்த பள்ளத்தில் தேங்கிய உப்புத் தண்ணீர், பக்கத்தில் வெள்ளையடித்த சில தெருக்கள். வீட்டு வாசல்களில் வறட்டி அடுக்கியிருந்தார்கள். நம் ஊர் மாதிரி சுவரில் தட்டியது இல்லை, கட்டியாக வெட்டி அடுக்கியது, ஆனால் வாசனை அதே. கண்ணை மூடினால் பாட்டி வீடு. மரமே இல்லாத ஊரில் அடுப்புக்கு வேறென்ன செய்வார்கள்? கவரிமாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பள்ளியில் கவரிமான் என்று படித்து மானை நினைத்துக்கொண்டிருந்தேன். ஜடை வளர்த்த எருமை.

தங்க இறங்கிய வீட்டில் சூப் வரும்போது பிரெஞ்சுப் பெண் எழுந்து வெளியே ஓடினாள். வாந்தி. தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஆயிரம் மீட்டரில் இருக்கிற ஓஷிலிருந்து ஒரே நாளில் 3,900-க்கு வந்தால் உடம்பு சும்மா இருக்குமா? சாரி-தாஷில் ஒரு ராத்திரி தங்கியிருக்க வேண்டும். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நோட்டில் எழுதவில்லை, ஏனென்றால் பைக்கே வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். திரும்பும் வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று குதித்தோம். அது வீட்டுக்குப் போகிற வண்டி, அதன் அவசரமும் சேர்ந்துதான் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கீழே இறக்க வேண்டும். எந்தப் பக்கம்? பின்னால் போனால் 4,280 ஏறித்தான் இறங்க வேண்டும், எல்லை இரவில் திறக்காது. முன்னால் போனால் அக்-பைதால் கணவாய், 4,655. அதைத் தாண்டினால் முர்காப், 3,600 சொச்சம், அங்கே ஆஸ்பத்திரி உண்டு. பைக்கே யாரையும் கேட்கவில்லை. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். வீட்டுக்கார அம்மாவிடம் ராத்திரி தங்கவில்லை, எவ்வளவு தர வேண்டும் என்று நோட்டைக் காட்டினேன். சாப்பாட்டுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் கழுத்தில் தன் சால்வையைச் சுற்றிவிட்டார். சால்வை முர்காப் போய்விட்டுப் பைக்கே மூலமாகத் திரும்பியது என்று நம்புகிறேன்.

அந்த ராத்திரி வண்டியில் யாரும் பேசவில்லை. பிரெஞ்சுப் பெண் முன்சீட்டில். இடதுபக்கம் சீன எல்லை வேலி ஹெட்லைட்டில் கம்பம் கம்பமாக வந்துகொண்டே இருந்தது. கணவாயின் மேல் என் தலைக்குள்ளும் யாரோ உலக்கை போட்டார்கள். பைக்கே நடுநடுவில் அவளைப் பேசவைத்துக்கொண்டே இருந்தார், அவர் கிர்கிஸில், அவள் பிரெஞ்சில்.

முர்காப் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் மதியம் ரொட்டி கேட்டாள். ஆனாலும் இன்னும் ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டுப் போங்கள் என்றார் டாக்டர். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

முர்காப் வந்த அன்றே பயணத்தின் அடுத்த கட்டத்தையும் பேசியிருந்தேன். வாகான் பள்ளத்தாக்கு வழியாகக் கோரோக், அதே பைக்கே, 350 டாலர், தலைக்கு 70. மறுநாள் காலை கிளம்புவதாகப் பேச்சு. இப்போது ஒரு நாள் தள்ளியதற்குக் காத்திருப்புக் கூலி 40 கேட்டார். "அவர் அவர் வீட்டில்தானே இருக்கிறார்" என்றான் போலந்துப் பையன். "வேறு சவாரி வந்தது, உங்களுக்காக விட்டேன்" என்றார் பைக்கே. இரண்டும் நியாயம்தான். பிரெஞ்சுக்காரன் முழு நாற்பதையும் தானே தருவதாகச் சொன்னான். ஜப்பான் பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். "நாளைக்கு நானாக இருக்கலாம். ஐந்தாகப் பிரியுங்கள்." ஐந்தாகப் பிரித்தால் எட்டு டாலர். "எனக்கு எட்டு டாலர் அரை நாள் சாப்பாடும் படுக்கையும். இதற்கு நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. நோட்டில் காட்டு" என்றான் பையன் என்னைப் பார்த்து.

நோட்டில் இல்லை. டயர் இருந்தது, போட்டோ இருந்தது, கடைசி சீட்டு முறை இருந்தது. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அம்மா சீட்டில் முதல் விதியே அதுதான். ஆள் படுத்துவிட்டால் தவணையை யார் கட்டுவது? அதைப் பேசாமல் சீட்டே ஆரம்பிக்க மாட்டார். ஊரில் தெரிந்தவர்களிடம் கேட்கத் தோன்றிய கேள்வி, முன்பின் தெரியாத நான்கு பேரிடம் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கிறது எனக்கு. நியாயமாகப் பார்த்தால் தெரியாதவர்களிடம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

எழுதாததற்கு அவனிடம் வாங்க எனக்கு உரிமை இல்லை என்றேன். நான்காகப் பிரித்தோம், தலைக்குப் பத்து. அவன் அன்று சாயந்திரம் எங்களோடு சாப்பிட வரவில்லை. கப்பல் சரக்குப் பெட்டிகளை வரிசையாக வைத்துக் கடையாக்கியிருக்கிற முர்காப் சந்தையில் தனியாக உலாவிக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் கோபம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். எட்டு டாலருக்கு இப்படியா என்று. அப்புறம், முந்நூறு டாலரை இருநூறாக்கிவிட்டு ஒரு நாள் முழுக்கக் குதூகலமாக இருந்தவள் யார் என்றும் ஞாபகம் வந்தது.

கிளம்புகிற காலையில் இன்னொரு கூத்து. ஏழு மணி என்று பேச்சு. நாங்கள் மூட்டையோடு வெளியே நிற்கிறோம், பைக்கே ஏற்கெனவே வந்து கோபமாக நிற்கிறார். ஒரு மணி நேரமாக நிற்கிறாராம். தஜிகிஸ்தான் நேரம் கிர்கிஸ்தானைவிட ஒரு மணி பின்னால். எல்லை தாண்டியதும் கடிகாரத்தை ஒழுங்காக மாற்றிவைத்திருந்தோம். ஆனால் முர்காப் மக்கள் புழங்குவது கிர்கிஸ் நேரம். அன்றிலிருந்து நோட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் "பை" என்று எழுதினேன், பைக்கே நேரம்.

அலிச்சூர் தாண்டி, கார்குஷ் கணவாய், 4,344 மீட்டர். இறங்கினால் ராணுவச் சாவடி, அதற்கப்புறம் இடதுபக்கம் ஒரு சின்ன ஆறு. அக்கரை ஆப்கானிஸ்தான். சில இடங்களில் கல் எறிந்தால் விழும். லங்கரில் பாமீர் ஆறும் வாகான் ஆறும் சேர்ந்து பாஞ்ச் என்று ஆகிறது, அங்கிருந்து கோரோக் வரை அந்த நாடு நம் இடது ஜன்னலிலேயே வருகிறது. கழுதையில் போகிற ஒருவர், மண்வீடு, அறுத்த கோதுமைக் கட்டு, கையசைக்கிற பையன்கள். முதல் இரண்டு மணி நேரத்திலேயே என் சீட்டு அட்டவணை செல்லாக்காசு ஆனது. இதுவரை கடைசி சீட்தான் பிரச்சினை, இப்போது இடது ஜன்னல்தான் சொத்து. புதிதாக எழுதினேன், இடது ஜன்னல் ஆளுக்கு ஒரு மணி. வலதுபக்கத்துக்காரர்களுக்கு மலைப்பாறைதான், அதுவும் மூக்குக்கு அரை அடி தூரத்தில்.

லங்கரில் தங்கிய வீட்டில் ஐந்து தூண்கள், கூரையில் சதுரத்துக்குள் சதுரமாகத் திறந்த வெளிச்சம். பாமீரில் பழைய பாணி வீடுகள் அப்படித்தான். காலையில் ஷிர்சாய் தந்தார்கள். பாலும் டீயும் உப்பும் வெண்ணெயும், அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைப்பது. டீயில் உப்பா என்று முகம் சுளித்தவள் மூன்று கிண்ணம் குடித்தேன். இரவுச் சாப்பாடு, படுக்கை, காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 15 டாலர். டிரைவருக்குக் காசு வாங்குவதில்லை.

மறுநாள் யாம்சூன் கோட்டைக்கு மேலே பீபி ஃபாத்திமா வெந்நீர் ஊற்று. சாலையிலிருந்து மேலே போய்த் திரும்ப வேண்டும், பேசிய வழியில் இல்லாததால் பத்து டாலர் கூடுதல் என்றார் பைக்கே. போக ஆசைப்பட்டது நானும் பிரெஞ்சுப் பெண்ணும். ஐந்து நாளாகக் குளிக்காதவர்கள். நான் நோட்டைத் திறந்து, இதற்கு எல்லாரும் தர வேண்டியதில்லை, நாங்கள் இரண்டு பேர் ஐந்து ஐந்தாக, என்று ஆரம்பிக்கும்போதே முன்சீட்டிலிருந்து இரண்டு டாலர் நீண்டது. போலந்துப் பையன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆப்கானிஸ்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் ஒன்றும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டேன். மற்றவர்களும் இரண்டு இரண்டாகத் தந்தார்கள்.

ஊற்றில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் மாறி மாறி முறை. பாறைக் குகைக்குள் சுடச்சுடத் தண்ணீர். உள்ளே இருந்த உள்ளூர்ப் பெண்கள், கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா என்று சைகையில் கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டியதும் என்னைப் பிடித்து ஒரு பொந்துக்குள் தலையை விடச் சொன்னார்கள். குழந்தை வரம் தருகிற இடமாம். திண்டுக்கல்லில் இருந்து இவ்வளவு தூரம் வந்தும் தப்பவில்லை.

கோரோக்கில் பைக்கே இறக்கிவிட்டார். என் பங்கு: 40, 70, 10, 2. மொத்தம் 122 டாலர், சுமார் 8,700 ரூபாய். பைக்கே நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், நான் கேட்காமலேயே. அங்கிருந்து துஷான்பேக்குப் பங்கு டாக்சியில் சீட்டுக் கணக்கில் போகலாம், பேரமோ நோட்டோ தேவையில்லை. பதினாறு மணி நேரம், முதுகு போய்விட்டது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பிரிவதற்கு முன் பொதுப் பணத்தை எண்ணினேன். ரொட்டிக்கும் ஆப்பிளுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்திருந்ததில் 11 சோமோனி (தஜிக் பணம்) மிச்சம். ஐந்தால் வகுபடாது. தர்பூசணி வாங்கலாம் என்றார் ஜப்பான் பெரியவர். சந்தையில் இருந்ததிலேயே சின்னப் பழம் 12 சோமோனி. ஒன்று குறைந்தது, நான் போட்டேன். குந்த் ஆற்றங்கரையில் போலந்துப் பையன் தன் மடக்குக் கத்தியால் ஐந்தாகக் கூறு போட்டான், ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி அளந்து. கை பிசுபிசுப்போடு நோட்டைத் திறந்து, "தர்பூசணி, 1 சோமோனி, என் கணக்கு" என்று எழுதிவைத்தேன்.